சால் ஓட்டும் ட்ரோன்: மிஷன் பிளானரில் முதல் சர்வே போடுவது எப்படி

வயலை உழுகிறவர் ஒரு வரப்பில் தொடங்கி எதிர் வரப்பு வரை சால் ஓட்டிப் போவார். திரும்பி, பக்கத்துச் சாலில் வருவார். இரண்டு சாலுக்கு நடுவே நிலம் விட்டுப்போகக் கூடாது. நிலத்தைப் படம்பிடித்து வரைபடம் செய்யும் ட்ரோனும் இதே வேலையைத்தான் வானத்தில் செய்கிறது. கையில் ரிமோட்டைப் பிடித்து இதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மூன்றாவது சாலிலேயே கோணல் வந்துவிடும். நான்காவதில் எங்கே திரும்பினோம் என்பதே மறந்துபோகும். அதனால்தான் பறக்கும் பாதையைத் தரையிலேயே வகுத்து, ட்ரோனுக்குள் ஏற்றி, அதைத் தானாகப் பறக்கவிடும் மென்பொருள்கள் வந்தன.

புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். சால்களை நேராகப் போடுவதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். உயரத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் பாதிக்குப் பாதி உயரத்தைப் பற்றியே இருந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

எந்த மென்பொருள்?

ட்ரோனைப் பறக்கவைக்கும் நிரலான ஆர்டுபைலட் உள்ளே ஓடும் ட்ரோன் உங்களிடம் இருந்தால் மிஷன் பிளானரை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்கேல் ஓபோர்ன் எழுதியது, இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. விண்டோஸ் லேப்டாப் வேண்டும். மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு டேப் வைத்திருப்பவர்களுக்கு கியூகிரவுண்ட்கன்ட்ரோல் இருக்கிறது. அது ஆர்டுபைலட்டோடும், பிஎக்ஸ்4 என்ற அதேபோன்ற இன்னொரு நிரலோடும் பேசும். இரண்டு மென்பொருளும் ட்ரோனோடு பேசும் மொழி ஒன்றுதான்: 2009ல் லோரென்ஸ் மையர் உருவாக்கிய மேவ்லிங்க். அதனால் ஒன்றைக் கற்றுக்கொண்டால் மற்றது ஒரு மாலையில் பிடிபடும். டிஜேஐ போன்ற நிறுவனங்களின் ட்ரோன்களுக்கு அவற்றின் சொந்தச் செயலிகள் உண்டு. பொத்தான்கள் வேறு இடத்தில் இருக்கும், கணக்கு இதேதான். இங்கே மிஷன் பிளானரை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பொய்யான ட்ரோனைப் பறக்கவிடுங்கள்

ட்ரோன் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். மிஷன் பிளானரின் மேல்வரிசையில் 'சிமுலேஷன்' என்று ஒரு பக்கம் உண்டு. அதில் மல்டிரோட்டரை (பல விசிறிகள் கொண்ட ட்ரோனை) தேர்ந்தெடுத்தால், நிஜ ட்ரோனுக்குள் ஓடும் அதே நிரல் உங்கள் லேப்டாப்பில் ஓடத் தொடங்கும். வரைபடத்தில் திடீரென்று ஆஸ்திரேலியாவின் கான்பெரா பக்கத்தில் ஒரு புல்வெளி தெரிந்தால் பதற வேண்டாம். அங்கே இருக்கும் மாதிரி விமானச் சங்கத்தின் மைதானம்தான் இந்தப் பாவனை ட்ரோனுக்குப் பிறந்த வீடு. வேறு இடம் சொல்லாதவரை அங்கிருந்துதான் கிளம்பும். வீட்டுப்புள்ளியை, அதாவது ட்ரோன் கிளம்பித் திரும்பும் இடத்தை, உங்கள் ஊருக்கு இழுத்து வைத்துவிட்டு மறுபடி தொடங்கினால், உங்கள் ஊர் மேலேயே பறக்கும்.

அப்புறம் 'பிளான்' பக்கத்துக்குப் போய் வரைபடத்தில் நாலைந்து இடத்தில் கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு கிளிக்கும் ஒரு வேபாயிண்ட், அதாவது ட்ரோன் போய்ச் சேரவேண்டிய ஒரு புள்ளி. கீழே உள்ள அட்டவணையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரி சேரும். முதல் வரியை 'டேக்ஆஃப்' ஆகவும், கடைசி வரியை 'ரிட்டர்ன் டு லாஞ்ச்' ஆகவும் மாற்றுங்கள். 'ரைட்' என்ற பொத்தானை அழுத்தினால் திட்டம் ட்ரோனுக்குள் போய்விடும். உடனே 'ரீட்' பொத்தானையும் அழுத்தி, உள்ளே போனது நீங்கள் எழுதியதுதானா என்று பாருங்கள். நான் இன்றுவரை இந்த இரண்டாவது வேலையை விட்டதில்லை. நேற்றைய வயலின் திட்டம் ட்ரோனுக்குள் இருக்க, இன்றைய வயலில் அதைக் கிளப்புவது கற்பனையான ஆபத்து இல்லை.

'டேட்டா' பக்கத்துக்கு வந்து ஆர்ம் செய்து (மோட்டார்களை இயங்கத் தயாராக்கி), திட்டப்படி தானாகப் பறக்கும் ஆட்டோ முறைக்கு மாற்றி, 'மிஷன் ஸ்டார்ட்' கொடுத்தால் பொய் ட்ரோன் கிளம்பிவிடும். பத்து தடவையாவது பறக்கவிடுங்கள். நடுவழியில் நிறுத்துங்கள், திரும்பக் கூப்பிடுங்கள், பாவனைக் காற்றை ஏற்றிப் பாருங்கள். இங்கே விழுந்தால் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

வயலை வரைவது

சர்வேக்கு ஒவ்வொரு புள்ளியாகக் கிளிக் செய்ய வேண்டியதில்லை. வயலின் எல்லையை மட்டும் வரைந்தால் போதும். பிளான் பக்கத்தில் வலது கிளிக் செய்து பாலிகன் வரையும் வசதியை எடுத்து, வயலைச் சுற்றிப் புள்ளி வையுங்கள். கூகுள் எர்த்தில் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தால் அதைக் கேஎம்எல் கோப்பாக உள்ளே கொண்டுவரலாம். இதில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுண்டு. வரப்பை ஒட்டியே வரைவார்கள். பிறகு படங்களை ஒரே வரைபடமாகத் தைக்கும்போது ஓரங்கள் மட்டும் குழைந்துபோய் நிற்கும். நடுவில் உள்ள நிலம் பல படங்களில் விழும், ஓரத்தில் உள்ளது ஒன்றிரண்டில்தான் விழும் என்பதே காரணம். எல்லாப் பக்கமும் 30 மீட்டராவது வெளியே தள்ளி வரையுங்கள்.

எல்லை வரைந்ததும் வலது கிளிக் செய்து 'ஆட்டோ டபிள்யூபி' என்பதற்குள் 'சர்வே' என்பதை எடுத்தால் ஒரு புதிய சாளரம் திறக்கும். வயல் முழுக்கச் சால் விழுந்திருக்கும். முதன்முதலில் பார்க்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி தனிதான். ஆனால் அந்தக் கோடுகள் உங்கள் கேமராவுக்குப் பொருந்துமா என்று பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கொஞ்சம் கணக்கு

இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. சென்சார் 13.2 மில்லிமீட்டர் அகலமும் 8.8 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட கேமரா, லென்ஸ் 8.8 மில்லிமீட்டர், படம் 5472க்கு 3648 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 80 மீட்டர் உயரத்திலிருந்து நேர்கீழே பார்த்தால் ஒரு படத்தில் 120 மீட்டர் அகலமும் 80 மீட்டர் நீளமும் உள்ள நிலம் விழும். 120 மீட்டரை 5472ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 2.2 சென்டிமீட்டர். வரப்பு தெரியும், சொட்டுநீர்க் குழாயின் ஓட்டம் தெரியும், களைச்செடியின் இலை தெரியாது. உங்களுக்கு எது தெரியவேண்டுமோ அதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற உயரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது ஓவர்லாப். ஒரு படமும் அடுத்த படமும் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறவேண்டும் என்ற அளவு. போகும் திசையில் 75 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் என்று வையுங்கள். அப்படியானால் 20 மீட்டருக்கு ஒரு படம், சாலுக்குச் சால் 36 மீட்டர். பத்து ஏக்கர் நிலம், ஏறத்தாழ 200க்கு 200 மீட்டர். நான் சொன்னபடி வெளியே தள்ளி வரைந்தால் 260க்கு 260. மொத்தம் 8 சால், 110 படத்தை ஒட்டி வரும். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் சாலுக்கு மட்டும் 5 நிமிடம், ஏறி இறங்கித் திரும்புவதையும் சேர்த்தால் 7 அல்லது 8 நிமிடம். சாளரத்தின் ஓரத்தில் மென்பொருளும் இதே கணக்கைக் காட்டும். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலும் வேறொரு கேமராவின் அளவு அங்கே தேர்வாகி இருக்கும்.

வேகத்தோடு ஷட்டரையும் பாருங்கள். நொடிக்கு 8 மீட்டரில் போகும்போது ஷட்டர் 1/200 நொடி திறந்திருந்தால், அதற்குள் ட்ரோன் 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நமது பிக்சலே 2.2 சென்டிமீட்டர்தான், ஆகவே படம் இழுத்தாற்போல் இருக்கும். 1/1000 வைத்தால் 8 மில்லிமீட்டர்தான் நகரும், கவலையில்லை.

சாலின் கோணம் சின்ன விஷயம். நீளவாக்கில் ஓட்டினால் திருப்பங்கள் குறையும், பேட்டரி மிச்சமாகும். எந்த உழவருக்கும் தெரிந்ததுதான்.

உயரம், எதிலிருந்து?

80 மீட்டர் என்று எழுதுகிறோம். எதிலிருந்து 80? மிஷன் பிளானரில் இதற்கு மூன்று பதில்கள் உண்டு: ரிலேட்டிவ், அப்சல்யூட், டெரைன். ரிலேட்டிவ் என்றால் ட்ரோன் கிளம்பிய தரையிலிருந்து. அப்சல்யூட் என்றால் கடல் மட்டத்திலிருந்து. டெரைன் என்றால் அந்தந்த இடத்தின் நிலத்திலிருந்து.

சென்னைக் கடற்கரையில் முதல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அப்சல்யூட்டில் 80 என்று போட்டால், தரைக்கு 300 மீட்டருக்கும் கீழே போகச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். ட்ரோன் சொன்ன சொல் தட்டாது, தரையில் மோதும்வரை இறங்கும்.

திட்டத்தைச் சேமித்த கோப்பை ஒருமுறை நோட்பேடில் திறந்து பாருங்கள். வெறும் எண்கள்தான். முதல் வரிக்குக் கீழே ஒவ்வொரு வரியும் ஒரு கட்டளை, பன்னிரண்டு பத்திகள். நான்காவது பத்தியில் 22 இருந்தால் மேலே கிளம்பு, 16 இருந்தால் இந்தப் புள்ளிக்குப் போ, 206 இருந்தால் இத்தனை மீட்டருக்கு ஒரு படம் எடு, 20 இருந்தால் வீட்டுக்குத் திரும்பு. அதற்கு முந்தைய, மூன்றாவது பத்தியில்தான் உயரத்தின் வகை இருக்கிறது. 3 என்றால் ரிலேட்டிவ், 0 என்றால் அப்சல்யூட், 10 என்றால் டெரைன். வீட்டுப்புள்ளியின் வரியில் மட்டும் 0 இருக்கும், அது சரிதான். பறக்கும் புள்ளிகளில் 0 தென்பட்டால் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். வேறொருவர் அனுப்பிய கோப்பை நான் இப்படித் திறந்து பார்க்காமல் ஏற்றுவதே இல்லை.

சமவெளியில் ரிலேட்டிவ் போதும். நிலம் சரிவாக இருந்தால்? நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து வயலின் மறுகோடி 30 மீட்டர் மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிலேட்டிவில் 80 மீட்டரில் பறக்கும் ட்ரோன் அங்கே போகும்போது தரைக்கு மேல் 50 மீட்டரில்தான் இருக்கும். ஒரு படத்தில் விழும் நிலம் 75க்கு 50 மீட்டராகச் சுருங்கும். சாலுக்குச் சால் 36 மீட்டர், படத்துக்குப் படம் 20 மீட்டர் என்பது மாறாது. பக்கவாட்டு ஓவர்லாப் 70லிருந்து 52 சதவீதமாகவும், முன்னோக்கியது 75லிருந்து 60 ஆகவும் விழுந்துவிடும். வீட்டுக்கு வந்து படங்களைத் தைக்கும்போது மேட்டுப் பகுதியில் மட்டும் ஓட்டை விழும். கேமராவையும் மென்பொருளையும் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணாகும்.

இதற்கு டெரைன் வகை உதவும். அதற்கான நில உயரத் தரவு பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் ரேடாரால் அளந்து வந்த எஸ்ஆர்டிஎம் தரவிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில்தான் அதன் நுணுக்கம். மலையும் மேடும் அதற்குத் தெரியும். நேற்று நட்ட செல்போன் டவர் தெரியாது. தனித்து நிற்கும் பனைமரம் தெரியாது. மின்கம்பி தெரியவே தெரியாது. பிளான் பக்கத்தில் உள்ள உயர வரைபடத்தைத் திறந்தால் உங்கள் பாதையும் அதன் கீழே நிலத்தின் கோடும் தெரியும். இரண்டும் எங்கே நெருங்குகின்றனவோ, அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள்.

நடந்து போவது என்பதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். ஒரு தோப்பில் சர்வே போட்டு முடித்து, லேப்டாப்பை மூடப்போன நேரத்தில் அங்கே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர் வந்தார். "தம்பி, அந்தக் கடைசி வரப்புக்கு மேல ஹெவி லைன் போகுதுங்க, பாத்துட்டீங்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. செயற்கைக்கோள் படத்தில் உயரழுத்த மின்கோபுரத்தின் நிழல் மட்டும் ஒரு கீறலாக இருந்தது, அதை வாய்க்கால் என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து வயலுக்குச் சொந்தக்காரரிடமோ, அங்கே வேலை செய்பவரிடமோ முதலில் கேட்பது கம்பி எங்கே போகிறது என்றுதான்.

திரும்பி வரும் உயரம்

ரிமோட் தொடர்பு அறுந்தாலோ, அப்படி அமைத்திருந்தால் பேட்டரி குறைந்தாலோ, ட்ரோன் தானாக வீடு திரும்பும். அதற்குத்தான் ஆர்டிஎல், அதாவது முன்பு பார்த்த ரிட்டர்ன் டு லாஞ்ச். இதில் ஒளிந்திருக்கும் ஒரு எண் என்னிடம் ஒரு ட்ரோனைப் பலி வாங்கியது. ஆர்டுபைலட்டின் மல்டிரோட்டர் வடிவமான ஆர்டுகாப்டரில் திரும்பி வரும் உயரம், நாம் மாற்றாதவரை, 15 மீட்டர். ட்ரோன் அதற்கு மேலே இருந்தால் இருக்கும் உயரத்திலேயே திரும்பும். கீழே இருந்தால் 15க்கு ஏறி, நேர்கோட்டில் வீட்டைப் பார்த்து வரும்.

அன்று சர்வே முடிந்துவிட்டது. தோப்புக்கு அந்தப்பக்கம் உள்ள கிணற்றைத் தாழ்வாக ஒரு படம் எடுக்கலாம் என்று கையால் 12 மீட்டரில் நிறுத்தினேன். நடுவில் மரங்கள், சிக்னல் போய்விட்டது. ட்ரோன் அழகாக 15 மீட்டருக்கு ஏறியது, என்னை நோக்கித் திரும்பியது, 20 மீட்டர் தென்னையின் மட்டைக்குள் புகுந்தது. மரமேறி எடுத்துத் தந்தவருக்குக் கூலி கொடுத்ததைவிட, அது செய்தது அத்தனையும் சரி என்பதுதான் எனக்கு வலித்தது. அந்த எண்ணை மாற்றியிருக்க வேண்டியது நான்.

ஆகவே, வயலைச் சுற்றி இருப்பதிலேயே உயரமான மரத்தையோ கட்டடத்தையோ பாருங்கள். அதற்கு மேல் 10 மீட்டராவது சேர்த்துத் திரும்பும் உயரத்தை வையுங்கள். தென்னந்தோப்புப் பக்கம் நான் 40க்குக் குறைப்பதில்லை. டேக்ஆஃப் உயரத்திலும் இதே கவனம் வேண்டும். டேக்ஆஃப் 10 மீட்டர், முதல் புள்ளி 80 மீட்டர் என்று எழுதினால், ட்ரோன் 10 மீட்டருக்குச் செங்குத்தாக ஏறிவிட்டு அங்கிருந்து சாய்வாகப் போகும். அந்தச் சாய்வில் மரம் நிற்கும். டேக்ஆஃப் உயரத்தையும் 80 என்றே எழுதினால் நேரே மேலே ஏறிய பிறகுதான் நகரும்.

பேட்டரி குறைந்தால் என்ன செய்யவேண்டும், ட்ரோன் தாண்டக் கூடாத வேலி எல்லை எவ்வளவு என்பதையும் இதே உட்காரலில் அமைத்துவிடுங்கள். வேலியின் உயர வரம்பு சர்வே உயரத்துக்கும் திரும்பும் உயரத்துக்கும் மேலே இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நடுச்சாலில் வேலி குறுக்கிடும். பேட்டரியில் கால் பங்கு மிச்சம் இருக்கும்போது தரையில் இருக்குமாறு திட்டமிடுங்கள்.

அனுமதி

இந்தியாவில் 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள்தான் அடிப்படை. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்வெளியைப் பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 120 மீட்டர் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்த வரம்பு 60 மீட்டர். அப்படிப்பட்ட இடத்தில் நமது 80 மீட்டர் திட்டம் செல்லாது, 60க்குள் கொண்டுவந்து கணக்கை மறுபடி போட வேண்டும். ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும். 2 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரோனுக்கோ, கூலிக்குச் செய்யும் வேலைக்கோ தொலைவிமானி சான்றிதழ் வேண்டும், 250 கிராம் வரையிலான நானோ வகைக்கு மட்டும் அது தேவையில்லை. பறக்கும் நாளன்று காலையிலும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள், நிறங்கள் மாறும்.

வயலுக்குப் போகும் நாள்

முந்தின இரவே, இணையம் இருக்கும் இடத்தில், பிளான் பக்கத்தின் வரைபட வசதிகளில் உள்ள 'ப்ரீஃபெட்ச்' மூலம் அந்தப் பகுதியின் வரைபடத்தை இறக்கி வையுங்கள். வயலில் சிக்னல் இல்லாமல் சாம்பல் நிறத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமை. லேப்டாப்புக்கு நிழல் வேண்டும், காரின் பின்கதவைத் திறந்து அதற்குள் வைப்பேன்.

ட்ரோனை வைத்ததும் ஜிபிஎஸ் நிலைக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள். ஜிபிஎஸ் காட்டும் இடம் எவ்வளவு நம்பகமானது என்பதைச் சொல்லும் எச்டாப் என்ற எண் 1.4க்குக் கீழே வரவேண்டும். இல்லாவிட்டால் ஆர்டுகாப்டரே ஆர்ம் ஆக மறுக்கும். அந்த மறுப்பைத் தாண்டிப் போக வழி தேடாதீர்கள், காத்திருங்கள். ஆர்ம் ஆகும் இடம்தான் வீட்டுப்புள்ளியாகப் பதிவாகும். அதனால் லேப்டாப் வைத்திருக்கும் காருக்குப் பக்கத்தில் ஆர்ம் செய்துவிட்டு ட்ரோனைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது.

முதல் பறப்பில் நேரே ஆட்டோவுக்குப் போகாமல், ஒரே இடத்தில் மிதந்து நிற்கும் லாய்ட்டர் முறையில் ஐந்து மீட்டர் ஏற்றி அரை நிமிடம் நிறுத்திப் பாருங்கள். ஒரே இடத்தில் நின்றால் சரி, இறக்கிவிட்டுத் திட்டத்தைத் தொடங்குங்கள். பறக்கும் நேரம் முழுக்க ஒரு விரல் முறை மாற்றும் சுவிட்சின் மேலேயே இருக்கட்டும். திரையை ஒருவர் பார்க்க, வானத்தை ஒருவர் பார்ப்பது நல்லது. ஒரே ஆள் என்றால் வானத்தைப் பாருங்கள்.

தரையிறங்கியதும் மூட்டை கட்டாதீர்கள். மெமரி கார்டை லேப்டாப்பில் போட்டுப் படங்களை எண்ணுங்கள். 112 வரவேண்டிய இடத்தில் 98 இருந்தால் ஒரு சால் முழுக்கக் கேமரா படுத்துவிட்டது என்று பொருள், 8 சாலில் ஒரு சாலுக்கு 14 படம். எந்தச் சால் என்று படங்களின் நேரத்தை வைத்துக் கண்டுபிடித்து, அந்த ஒரு சாலையும் அதற்குப் பக்கத்துச் சாலையும் மட்டும் வைத்துச் சின்னத் திட்டம் ஒன்றைச் சேமித்து, ஏற்றி, படித்துப் பார்த்துவிட்டுப் பேட்டரி மாற்றி மறுபடி அனுப்புங்கள். வெயிலும் நிழலும் பெரிதாக மாறுவதற்குள் முடித்துவிட்டால் அந்தப் படங்கள் மற்றவற்றோடு சேர்ந்துகொள்ளும்.